வேப்பந்துடுப்பு

கீழப்பொட்டலுக்கு மருமகளாக வந்தவளின் முகம் எப்படி, நிறம் எப்படி, நகை எப்படி என்றெல்லாம் ஒரு வாரம்தான் பேசுவார்கள், அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு அவளுடைய துடுப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் ஊர்ப் பேச்சு. கல்யாணம் முடிந்த கையோடு புதுப்பெண்ணை ஆசாரி பட்டறைக்குக் கூட்டிப் போவார்கள். கூழும் களியும் கிண்டுகிற மரத்துடுப்புகள் அங்கே சுவரோரம் வரிசையாகச் சாத்தியிருக்கும். அவள் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்கும்வரை கூட வந்தவர்களும் சரி, செதுக்கின ஆசாரியும் சரி, வாயைத் திறக்கக் கூடாது, கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. எடுத்த துடுப்பு ஒரு வருஷம் விரிசல் விடாமல் இருந்தால் அது குடும்பம் பண்ணுகிற கை, விட்டால் வெடிச்ச கை. வெடிச்ச கை கிண்டியதை விசேஷ வீட்டில் ஒருத்தரும் வாயில் வைக்கமாட்டார்கள். எந்தக் காலத்தில் எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ தெரியாது, அவன் ஒரு நாளும் அடுப்படியில் நின்றிருக்கமாட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

உலகம்மாள் அந்தப் பட்டறைக்குள் போனது கொளுத்துகிற சித்திரை வெயிலில். பட்டுச்சேலை கசகசக்க, மாலை கழுத்தை அறுக்க, பின்னால் மாமியாரும் நாத்தனாரும் ஊமைகளாக நிற்க, எதைப் பார்த்து எடுப்பதென்று யாரும் சொல்லித் தராத பிள்ளை அவள். எடை குறைவாக இருக்கணும், அதுதான் நன்றாகக் காய்ந்த மரம், ரேகை நீளவாக்கில் நேராக ஓடணும், கணு இருக்கக் கூடாது, ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் செதுக்கியிருக்கணும், விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்கணும் என்பதெல்லாம் பிற்பாடு அவளே ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த சங்கதிகள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள், ஒன்று மட்டும் கைக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து அவள் மேல் குளிர்ச்சியாகப் பட்டது அது ஒன்றுதான். எடுத்துவிட்டாள். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். காற்றில் சாய்ந்த வேப்பமரத்தை, கல்யாண மாசமாயிற்றே என்ற அவசரத்தில், ஈரம் போகுமுன்னே செதுக்கி வைத்திருந்தார் அவர்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. "பச்ச மரத்தைலா எடுத்திருக்கா, ஆடிக்குத் தாங்காது பாத்துக்கோ" என்று அவள் காதுபடவே பேசினார்கள். குடங்கள் வரிசையில் கடைசியாக ஒரு குடம் தனியாக நின்றது. அது அடுத்த தெரு சொர்ணத்தின் குடம். சொர்ணத்தின் துடுப்பு கல்யாணமான வருஷமே வாய் பிளந்துவிட்டது, அதிலிருந்து அவள் பேரே வெடிச்சகை சொர்ணம்தான், சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில்கூட அவளைப் பந்தியில் பரிமாற விடவில்லை. அந்தக் குடத்தைப் பார்த்ததுமே உலகம்மாள் அரைக்குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தாள் அந்தத் துடுப்பை வளர்க்க. வளர்த்தாள் என்றுதான் சொல்லணும், வேறு வார்த்தை இல்லை. கிண்டி முடித்தால் சட்டியிலேயே விடமாட்டாள், உடனே எடுத்துக் கழுவுவாள், தண்ணீரில் ஊறப் போடமாட்டாள், சாம்பல் போட்டுத் தேய்க்கமாட்டாள், பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, வெயில் படாத மூலையில், காற்று மட்டும் தொடுகிற மாதிரி மாட்டி வைப்பாள். பொழுது சாய்ந்தால் தேங்காயெண்ணெயை லேசாகச் சுட வைத்து, உள்ளங்கையில் ஊற்றி, கைப்பிடியிலிருந்து அலகுவரை உருவி உருவித் தேய்ப்பாள். மகள் கோமு பிறந்த அன்றைக்கு இடுப்பு வலி கண்ட பிறகும் எண்ணெய் தடவி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள். தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்த நாள் உண்டு, துடுப்புக்கு மறந்ததில்லை. ஆடி போயிற்று, வருஷம் போயிற்று, வெடிக்கவில்லை. ஊரே மூக்கில் விரல் வைத்தது. பிறகு புதுப்பெண்களெல்லாம் அவளிடம்தான் துடுப்புப் பக்குவம் கேட்க வந்தார்கள். ஆனால் கோமு, திருப்பூருக்குப் பிழைக்கப் போன உள்ளூர்க் குடும்பத்துக்கே வாக்கப்பட்டு அதே பட்டறைக்குள் போனபோது, அம்மா சொன்ன பாடத்தையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு, குளுகுளுவென்று இருந்த ஒன்றைத்தான் எடுத்தாள். உலகம்மாள் பேச முடியாமல் பின்னால் நின்றாள், ஆசாரி மாதிரியே தலையைக் குனிந்துகொண்டாள். கோமு புருஷன் வீட்டாரோடு திருப்பூருக்கு வண்டியேறும்போது ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயை மடியில் வைத்து, ஒரு நாளும் மறக்காதே தாயி என்று சொல்லி அனுப்பினாள்.

கோமுவுக்கு முதலில் தரித்தது தங்கவில்லை. இரண்டாவது ஏழாம் மாசம்வரை வந்துவிட்டது. "நீ வந்து கூட்டிட்டுப் போம்மா, எனக்குப் பயமாருக்கு" என்று போனில் தினமும் அழுதாள். வளைகாப்புக்குப் போய், வளையல் போட்டு, கையோடு கூட்டி வந்து, தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் தன் கையில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர உலகம்மாளுக்கு அப்போது வேறு நினைப்பே கிடையாது. பை எல்லாம் கட்டி வைத்தாயிற்று. விடிந்தால் திருப்பூருக்குக் கிளம்ப வேண்டும், ஆடி மாசத்து முற்பகல், கேப்பைக்கூழ் கிண்டிக்கொண்டிருக்கிறாள், அப்போது துடுப்பு துளிர்த்தது.

கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, செம்புநிறத்தில், பல்பல்லாக ஓரம் வைத்த ஒரு குட்டி வேப்பங்கொழுந்து. மேலேயிருந்து விழுந்து ஒட்டிக்கொண்டதாக்கும் என்று கிள்ளிப் போட்டாள், கிள்ளின இடத்தில் பால் கசிந்தது. மறுபடி கிண்டினாள், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வந்தது. அத்தனை வருஷம் ஈரம் காய விடாமல் பார்த்துக்கொண்டதில் அந்த மரத்துக்கு, தான் வெட்டுப்பட்டதே தெரியாமல் போயிருந்தது. அவள் புருஷன் குத்தாலிங்கம் சாப்பிட வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னட்டி இது, கூழுக்குள்ள கீர போட்டிருக்கியா?"

"கீர இல்ல. துடுப்பு துளுத்திருக்கு."

"சரி, உப்பு போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து இரண்டு கும்பா குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனவன் பேச்சோடு பேச்சாக அங்கே சொல்லி வைக்க, டீக்கடை மொத்தமும் எழுந்து அவன் வீட்டுக்கு வந்தது, டீக்கடைக்குப் பின்னால் ஊர் வந்தது, ஊருக்குப் பின்னால் கோயில் கமிட்டித் தலைவர் வெள்ளத்துரை அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். வேறு யாராவது கிண்டிப் பாருங்கள் என்றார். கொழுந்தன் பொண்டாட்டி கிண்டினாள், இலை துவண்டது. குத்தாலிங்கம் கிண்டினான், இலை உதிர்ந்தே போயிற்று. உலகம்மாள் வாங்கிக் கிண்டினாள், பழையபடி கொழுந்து விட்டது. அவ்வளவுதான், பொம்பிளைகள் குலவையிட்டார்கள். அதுவரை குத்தாலிங்கம் பொண்டாட்டி என்றே சொல்லிப் பழகின அண்ணாச்சி, கையைக் கூப்பிக்கொண்டு "தாயி" என்றார்.

"அண்ணாச்சி, காலைல நான் திருப்பூர் போணும். கோமுவுக்கு வளைகாப்பு. கையோட கூட்டியாரணும்."

"எங்க கூட்டியாருவ தாயி? ஆத்தா எழுந்தருளியிருக்க வீட்லயா பிள்ளப்பேறு? தீட்டுல்லா."

"அப்ப நான் அங்கயே இருந்து பாத்துட்டு வாரேன்."

"நீ இல்லன்னா கொப்பு வாடிருமே. தீட்ட ஒட்டிக்கிட்டுத் திரும்பி வந்து எந்தக் கையால துடுப்பத் தொடுவ?"

"பிள்ளப் பெறது ஆத்தாளுக்குமா அண்ணாச்சி தீட்டு?"

அண்ணாச்சி, விவரம் தெரியாத பிள்ளையிடம் சிரிக்கிற மாதிரி சிரித்தார். "இத்தனை பேரு புள்ளகுட்டியோட நல்லாருக்கணும்னு ஆத்தா ஓங் கையில வந்து உக்காந்திருக்கா. ஓம் மகள அவ பாத்துக்கிட மாட்டாளா?" என்றார். கட்டி வைத்த பையைக் குத்தாலிங்கமே எடுத்துப் பரண்மேல் போட்டான்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மழை பெய்தால் வாளியை எடுத்து வெளியே வைப்பார்களே, அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முற்றத்தில் தகரக் கொட்டகை வந்தது, பெரிய அடுப்பு வந்தது, அண்டா வந்தது, மஞ்சள் துணி வந்தது, கூட்டத்தைப் பிரிக்கச் சவுக்குக் கம்பு வந்தது. கிண்டக் கிண்ட இலை வரும், வர வரக் கிள்ளிக் கொடுப்பார்கள், காய்ச்சல்காரன் தலைமாட்டில் வைத்தான், பரீட்சைக்காரன் சட்டைப்பையில் வைத்தான், வம்பு வழக்கு இருந்தவன் எதிராளி வாசலில் புதைத்தான். செல்போனில் படம் எடுத்தார்கள், படத்தில் வெறும் துடுப்புதான் விழுந்தது, இலை விழவில்லை, அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. உலகம்மாளுக்கோ, பொய் சொல்லக் கூடாது, முதலில் இது பிடித்துத்தான் இருந்தது. ஒரு நாளும் ஒரு செம்புத் தண்ணீர் மோந்து தராத குத்தாலிங்கம் அவளுக்கு விசிறி வீசினான். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் சாப்பிட்டாளா என்று நாலு பேர் கேட்டார்கள். அந்த ருசியில் கொஞ்ச நாள் கோமுவை ஒத்திப் போட்டாள், பிரசவத்துக்குள் எப்படியாவது போய்விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வலி எடுத்ததும் போன் வந்தது, வெள்ளிக்கிழமை, கொட்டகை நிறையக் கூட்டம். கை வேலையாக இருந்ததால் குத்தாலிங்கம்தான் போனை அவள் காதில் பிடித்தான். உள்ளே கோமு கத்திக்கொண்டிருந்தாள். "அம்மா வாம்மா. யாரும் பக்கத்துல இல்லம்மா. என்னைய விட்ராதம்மா." உலகம்மாள் துடுப்பை அண்டாவுக்கு வெளியே தூக்கினாள். அவ்வளவு கூட்டமும் ஒரே குரலாக, "ஐயோ தாயி, அடி பிடிச்சிரும்" என்று பதறியது. மகளுக்கு வலி என்று எல்லாருக்கும் காதில் விழுந்திருந்தது, அதற்கில்லை அவர்கள் பதறினது. பதறினது கூழுக்கு. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கிண்டினாள். இருபத்து நாலு வருஷப் பழக்கம், அடி பிடிக்கப் போகிறது என்றால் கை தன்னால் கிண்டும். மகள் கத்தக் கத்தக் கிண்டிக்கொண்டே இருந்தாள், இலை கொத்துக் கொத்தாக வந்தது, அன்றைக்கு வந்தது மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. பெண் குழந்தை என்று சேதி வந்ததும், ஆத்தா புண்ணியம் என்று குலவையிட்டார்கள்.

மறுநாள் அவள் கூப்பிட்டபோது கோமு, "நல்லாருக்கேன்மா. நீ போயிக் கூழக் கிண்டு" என்றாள். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் கோமு போனை எடுக்கவேயில்லை.

உலகம்மாளுக்கு வயிறு எரிந்தது. ஊர்மேல் எரிந்தது, புருஷன்மேல் எரிந்தது, எல்லாரையும்விடத் தன் கையின் மேல் எரிந்தது. துடுப்பைக் கொன்றுவிடுவது என்று தீர்மானித்தாள். அடுப்பில் போடலாமென்றால் அவ்வளவு பேர் கண்ணும் அதன்மேல்தான். அதனால், எதையெல்லாம் செய்யக் கூடாது என்று ஊருக்குப் பாடம் சொன்னாளோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினாள். எண்ணெயை நிறுத்தினாள். தொட்டித் தண்ணீரில் துடுப்பை முக்கிப் போட்டு ஊற விட்டாள். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஆத்தா நீராடுதா" என்றார். மறுநாளே கீழப்பொட்டலில் ஒரு வீடு பாக்கியில்லாமல் தொட்டியில் துடுப்பு ஊறியது. சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் பறபறவென்று தேய்த்தாள், ஆத்தா திருநீறு பூசுதா என்று ஊரே தேய்த்தது. மாசியில் ஆரம்பித்தவள் பங்குனி வெயில் ஏறியதும் மொட்டை மாடியில், சுடுகிற தரையில் அதைக் கிடத்தினாள். ஊர்முழுக்க மொட்டை மாடிகளில் துடுப்புகள் வடகம் மாதிரி காய்ந்தன. எந்தப் பாடத்தையும் அவர்கள் அவளிடம் இவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை.

ஒரு மத்தியானம் வெடிக்கத் தொடங்கியது. முதலில் மேலத்தெருவில் ஒன்று, பிறகு கோயில் தெருவில் ஒன்று, பிறகு பட்டாசுச் சரம் பற்றிக்கொண்ட மாதிரி ஊர் மொத்தமும். மாமியார் துடுப்பு, மருமகள் துடுப்பு, அண்ணாச்சி வீட்டுத் துடுப்பு, எல்லாம் வாய் பிளந்தன. உலகம்மாளுடையது மட்டும் இன்னும் பிடிவாதமாக இரண்டு இலையோடு கிடந்தது. இடையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். நடுத்தெருவில் வெடிச்சகை சொர்ணம் நின்றுகொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா உலகு, இப்ப ஊர்ல பூரா வெடிச்ச கை. இனி யாரு கிண்டினத யாரு திங்கப் போறான்னு பாப்பமா?"

ஆனால் சொர்ணம் அந்த ஊரைச் சரியாக எடை போடவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கமிட்டி கூடி, ஆத்தா பேசுவதற்காக வாய் திறந்திருக்கிறாள், இனி வெடித்த துடுப்புதான் விசேஷம் என்று முடிவு சொல்லிவிட்டது. வெடித்த துடுப்புகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். சொர்ணம் தன்னுடைய பழைய துடுப்பை எடுத்துக்கொண்டு பொட்டு வாங்கப் போனாள், அது காலம் தப்பி வெடிச்சது, அது சேராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சித்திரை பிறந்து சில நாளில், நல்ல உச்சிப்பொழுதில், உலகம்மாளின் துடுப்பு வெடித்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, ஒரு ஆள் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. கைப்பிடி முதல் அலகுவரை ஒரே பிளவு, இரண்டு இலையும் சருகாகி உதிர்ந்தன. தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சி போய்விட்டது. அதை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்த வீட்டில் அவள் ஆசைப்பட்டு எடுத்தது அது ஒன்றுதான், அதையும் தன் கையாலேயே கொன்றாயிற்று. மற்ற வீடுகளில் வாய் திறந்த ஆத்தா இந்த வீட்டில் மட்டும் மலையேறிவிட்டாள் என்று கமிட்டி சொன்னது, பொழுது சாய்வதற்குள் தகரத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குத்தாலிங்கம் காலி முற்றத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வெடிச்ச கை" என்றான்.

அவள் நாற்காலியைப் போட்டு ஏறி, பரண்மேல் கிடந்த பையை எடுத்தாள்.

திருப்பூரில் கதவைத் திறந்த கோமு, "வாம்மா" என்றாள். அதற்கப்புறம், "ஆத்தா லீவு குடுத்தாளா?" என்றாள். குழந்தை தூளியில் தூங்கியது. உலகம்மாள் கையை நீட்டியபோது, "இப்பத்தாம்மா தூங்குது, தொடாத" என்றாள். விழித்த பிறகும் அவளே வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அப்படித்தான் போயிற்று. சோறு போட்டாள், பாய் விரித்தாள், மாத்திரை வேணுமா என்று கேட்டாள், பிள்ளையை மட்டும் கொடுக்கவில்லை. உலகம்மாளுக்குக் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது?

மூன்றாம் நாள் கோமு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேப்பைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் அடுப்படிப் பக்கம் போனாள். கோமு சட்டென்று துடுப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், கஞ்சி தரையில் சொட்டியது.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, செம்புநிறத்தில், இரண்டு கொழுந்து.

"வளைகாப்புக்கு நீ வருவ வருவன்னு வாசலையே பாத்துட்டு நின்னேன்லா, அன்னைலேருந்துதாம்மா" என்றாள் கோமு. "தெனமும் கிள்ளிக் கிள்ளிக் குப்பைல போடுதேன். இன்னும் இந்த வீட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னைய அடுப்ப விட்டு நகர விடமாட்டாகல்லாம்மா?"

கூடத்திலிருந்து அவள் மாமியார் குரல் கொடுத்தாள். "கோமு, யாரு கூடப் பேசுத? கஞ்சி ஆச்சா?" செருப்புச் சத்தம் அடுப்படியை நோக்கி வந்தது.

உலகம்மாள் எட்டி இரண்டு கொழுந்தையும் கிள்ளினாள். போட இடமில்லை, அதனால் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். மாமியார் எட்டிப் பார்த்தாள், சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தாள், துடுப்பு வெறும் துடுப்பாக இருந்தது, சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அலமாரியில், தான் கொடுத்தனுப்பின பாட்டில் இருந்தது, காலியாகக் காலியாக நிரப்பி வைத்திருக்கிறாள் பிள்ளை. உலகம்மாள் அதை எடுத்துச் சாக்கடைத் துவாரத்தில் கவிழ்த்தாள். எண்ணெய் குடுகுடுவென்று இறங்கியது.

"இனிமே எண்ண போடாத. வெயில்ல போட்டுக் காய விடு."

"வெடிச்சிரும்மா."

"வெடிக்கட்டும்."

"வெடிச்ச கைம்பாக. இந்த வீட்லயும் அதத்தாம்மா சொல்லுவாக."

"சொல்லட்டும். என்னையும் அப்படிச் சொல்லித்தானே இங்க வர விட்டாக."

கோமு துடுப்பை அடுப்பு மேடையில் வைத்தாள். கஞ்சி அடி பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் கிண்டவில்லை. பிறகு கோமு இடுப்பிலிருந்த பிள்ளையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். உலகம்மாள் வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாயெல்லாம் கசந்துகொண்டிருந்ததால் முத்தம் மட்டும் கொடுக்கவில்லை.